டிக்கிக்குள் ஒரு வானொலி நிலையம்

சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 2004 பிப்ரவரி 1 அன்று ஒரு வானொலி ஒலிக்கத் தொடங்கியது. பெயர் அண்ணா எஃப்எம், அலைவரிசை 90.4 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் ஒரு கல்வி வளாகம் தொடங்கிய முதல் சமுதாய வானொலி இதுதான். அரசிடம் உரிமம் வாங்கி, ஆண்டெனா நட்டு, ஒலிப்பதிவு அறை கட்டித் தொடங்கிய நிலையம் அது. அதே காலத்தில், சற்றுத் தள்ளி, கத்திப்பாரா சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த கார்கள் சிலவற்றிலும் ஆளுக்கொரு பண்பலை நிலையம் நடந்துகொண்டிருந்தது. உரிமம் இல்லை, கோபுரம் இல்லை. நேயர்கள் நாலு பேரோ ஐந்து பேரோ. நிலையத்தை நடத்தியது டிக்கியில் திருகி வைத்த, சிடிகளை மாற்றி மாற்றிப் பாடும் ஒரு பெட்டி: சிடி சேஞ்சர்.

பழைய காரில் ஏற்கெனவே இருக்கும் கேசட் செட்டைக் கழற்றாமல் ஆறு சிடிகளைப் பாட வைக்க வேண்டும். கேட்டால் எளிய வேலை போலத்தான் இருக்கும். அதற்குக் கிடைத்த விடையோ விசித்திரமானது. சிடியில் எண்களாக இருக்கும் இசையை ஒலி மின்னலையாக மாற்றி, அதை வானொலி அலையின் முதுகில் ஏற்றி, சில மீட்டர் ஒயரில் அனுப்பி, பிறகு இறக்கி, ஸ்பீக்கருக்குக் கொடுப்பது. டிக்கியிலிருந்து டேஷ்போர்டுக்கு வர ஒரு பாட்டு இவ்வளவு சுற்ற வேண்டுமா? வேண்டியிருந்தது.

செட்டின் இரண்டு வாசல்கள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 காலத்துச் சாதாரண செட்டுகளுக்குள் வெளியிலிருந்து இசை நுழைய இரண்டே வாசல்கள்தான். ஒன்று, பின்பக்கத்தில் ஆண்டெனா ஒயரைச் செருகும் துளை. மற்றொன்று, கேசட்டின் நாடாவை உரசிப் படிக்கும் ஹெட். போன் ஒயரைச் செருகும் 'ஆக்ஸ்' துளை பின்னாளில் வந்தது.

விலை உயர்ந்த செட்டுகளில் மூன்றாவதாக ஒரு வாசல் இருந்தது: சேஞ்சருக்கென்றே வைத்த பிளக். பாட்டு மட்டுமல்லாமல் கட்டளைகளும் அதன் வழியே போகும். டேஷ்போர்டில் பொத்தானை அழுத்தினால் டிக்கியில் தட்டு மாறும். எத்தனையாவது தட்டு, எத்தனையாவது பாட்டு என்பது செட்டின் திரையில் தெரியும். ஆனால் நிறுவனத்துக்கு ஒரு பிளக். சோனியுடையது யூனிலிங்க், பயனியருடையது ஐபி-பஸ், அல்பைனுடையது ஏஐ-நெட். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் உதிரிபாகக் கடைகளில் சேஞ்சர் தேடிப் போனவர் முதலில் எதிர்கொண்டிருக்கக்கூடிய கேள்வி இதுதான்: "செட்டு என்ன கம்பெனி சார்? பின்னாடி சேஞ்சர் பிளக் இருக்கா?"

இல்லை என்றால், மிச்சமுள்ள இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். அதற்கு முன், நுழையப் போகும் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

நான்கு சக்கரத்தின் மேல் ஒரு நுண்ணோக்கி

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய சிடி, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பாலிகார்பனேட் தட்டு. அதில் உள்ளிருந்து வெளியே சுருண்டு போகும் ஒரே ஒரு தடம். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 625 சுற்றுகள். 74 நிமிடத் தட்டு ஒன்றின் தடத்தை நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். சேஞ்சரில் இருக்கும் ஆறு தட்டுகளையும் சேர்த்து நீட்டினால் கிண்டியில் தொடங்கி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரையும் தாண்டிவிடும்.

தடம் நெடுக நுண்ணிய குழிகள். அரை மைக்ரோமீட்டர் அகலமுள்ள இவற்றின் மேல் 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் விழுகிறது. பிளாஸ்டிக்கினுள் நுழைந்ததும் அந்த அலைநீளம் ஏறக்குறைய 500 நானோமீட்டராகச் சுருங்கும். குழியின் ஆழம் அதில் கால் பங்கை ஒட்டி இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். குழியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் மேட்டில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் நடுவே அரை அலை வித்தியாசம் வந்துவிடுகிறது. ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒளி மங்குகிறது. மேட்டுக்கு வந்ததும் மீண்டும் பிரகாசம். இந்த மினுக்கலைத்தான் ஒளியுணரி எண்களாகப் படிக்கிறது. வினாடிக்கு 44,100 முறை, இடது வலது இரண்டு வாய்க்காலிலும், ஒவ்வொரு முறையும் 16 பிட். கணக்குப் போட்டால் வினாடிக்கு 14,11,200 பிட் இசை.

இதைப் படிக்கும் லென்ஸ் தட்டைத் தொடுவதில்லை, மிதக்கிறது. தட்டு சுழலும்போது அரை மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் ஆடலாம் என்று அளவுவிதியே இடம் தருகிறது. லென்ஸோ ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் பிசகினாலும் குவியம் கலைந்துவிடும். ஆகவே தட்டு ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் லென்ஸும் கூடவே ஆட வேண்டும். இதற்காக லென்ஸைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள், பக்கத்தில் ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் மாற மாற லென்ஸ் ஏறி இறங்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைப்பதும் இதே ஏற்பாடுதான். பாட்டைப் படிக்கும் முனையிலும் பாடும் முனையிலும் காந்தத்தின் நடுவே ஒரு சுருள் துடிக்கிறது.

வீட்டு அலமாரியில் இதைச் செய்வதே சாதனை. வேகத்தடைகளும் சாலைப் பள்ளங்களும் நிறைந்த ஊரில், காரின் பின்சக்கரத்துக்கு மேலே இதைச் செய்ய வேண்டும். ஆகவே சேஞ்சருக்குள் இன்னொரு சஸ்பென்ஷன் உண்டு. தட்டைச் சுழற்றும் பகுதி முழுவதும் ஸ்பிரிங்குகளில் தொங்கும்; பக்கத்தில் பிசுபிசுப்பான திரவம் அடைத்த ரப்பர் டாம்பர்கள். ஸ்பிரிங்கில் தொங்கும் எந்தப் பொருளுக்கும் இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு. அந்த இயல்பு அதிர்வெண்ணைப்போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் வேகமாக வரும் அதிர்வுகளை மட்டுமே ஸ்பிரிங்கால் தணிக்க முடியும். அதற்குக் குறைவாக வந்தால் தணிக்காது. இயல்பு வேகத்தோடு ஒத்துப்போனால் கூட்டியே கொடுக்கும். ஸ்பிரிங் இளகலாக இருந்தால் இயல்பு வேகம் குறைந்து, தணிக்கும் எல்லை விரியும். ஆனால் பெரிய பள்ளத்தில் விழுந்தால் உள்ளே இருப்பது ஊஞ்சலாடிப் பெட்டியின் சுவரில் மோதும். அந்த ஆட்டத்தின் ஆற்றலைத் திரவத்தின் பிசுபிசுப்பு உறிஞ்சி வெப்பமாக்கிவிடுகிறது.

பொருத்துபவர் கவனிக்க வேண்டிய இரண்டு சங்கதிகள் இதிலிருந்து வருகின்றன. பல சேஞ்சர்களின் பக்கவாட்டில் கிடையாக வைக்க ஒன்று, செங்குத்தாக வைக்க ஒன்று என்று திருப்பி வைக்கும் அமைப்பு இருக்கும். புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்தை ஸ்பிரிங் தாங்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. மற்றொன்று, தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்பகுதி ஆடாமலிருக்க முடுக்கிய போக்குவரத்துத் திருகுகள். கழற்ற மறந்தால் சஸ்பென்ஷன் செத்துவிடும். ஒவ்வொரு வேகத்தடையிலும் பாட்டு குதிக்கும்.

பின்னால் வந்த மாடல்களில் நினைவகம் சேர்ந்தது. தட்டை இரண்டு மடங்கு வேகத்தில் படித்துச் சில வினாடி இசையை முன்கூட்டியே சேமித்துவிடும். லென்ஸ் தடம் தவறினால், திரும்பக் கண்டுபிடிக்கும் வரை சேமிப்பிலிருந்து பாடும். 10 வினாடிக்கு வேண்டியது 1.8 மெகாபைட்டுக்கும் குறைவுதான். இன்றைக்கு ஒரு புகைப்படத்துக்கே இது போதாது. அன்றைக்கு அது விலை கொடுத்து வாங்க வேண்டிய சொகுசு.

பாட்டு அலையேறும் விதம்

இனி முதல் வாசல், ஆண்டெனா. செட்டின் அந்தத் துளைக்கு வானொலி அலை ஒன்றுதான் தெரியும். அதற்குத் தெரிந்ததைக் கொடுப்பதற்காக வந்ததுதான் எஃப்எம் மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டி. ஆண்டெனா ஒயரைச் செட்டிலிருந்து பிடுங்கி இதில் செருகுவார்கள். இதிலிருந்து ஒரு ஒயர் செட்டுக்குப் போகும். சேஞ்சர் பாடாதபோது ஆண்டெனாவில் வருவது அப்படியே கடந்துபோகும். சேஞ்சர் பாடத் தொடங்கியதும் பெட்டி ஆண்டெனாவைத் துண்டித்துவிட்டு, தானே ஒரு வானொலி அலையை உண்டாக்கிச் செட்டுக்குள் அனுப்பும்.

அந்த அலையை 88.3 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்; வினாடிக்கு 8 கோடியே 83 லட்சம் அதிர்வு. இதுதான் ஊர்தி அலை. பாட்டின் மின்னலை உயரும்போது இதன் அதிர்வெண் சற்றுக் கூடும், தாழும்போது சற்றுக் குறையும். உச்சக்கட்டச் சத்தத்தில் இந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ். செட்டின் வேலை, அதிர்வெண் எவ்வளவு நகர்ந்தது என்பதை அளந்து பாட்டை மீட்பது. வெட்டவெளியில் இந்த அலை ஒன்றின் நீளம் 3.4 மீட்டர், மாருதி 800-இன் மொத்த நீளமோ 3.3 மீட்டர் சொச்சம். ஒரு முழு அலைகூடக் கொள்ளாத காருக்குள் ஓர் ஒலிபரப்பு!

இந்தப் பயணத்துக்குக் கட்டணம் உண்டு. சிடியில் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி பதிவாகிறது. ஸ்டீரியோ பண்பலையில் 15,000-க்கு மேல் ஒலிக்கு இடமில்லை, ஏனென்றால் 19,000-இல் ஒரு வழிகாட்டி ஒலி உட்கார்ந்திருக்கிறது. 'இது ஸ்டீரியோ' என்று செட்டுக்குச் சொல்வது அதுதான். அதன் இருமடங்கான 38,000-ஐ மையமாக வைத்துத்தான் இடது, வலது வேறுபாடு ஒளிந்து வருகிறது. ஆகவே பாட்டின் மேல் நுனி கத்தரிக்கப்படுகிறது. ஜால்ராவின் மினுமினுப்பு கொஞ்சம் குறையலாம். சிடியின் துல்லியத்துக்காகக் காசு கொடுத்தவர், வானொலித் தரத்தில் அதைக் கேட்டார். ஆனால் கார் எஞ்சினும் டயரும் எழுப்பும் இரைச்சலில் அந்த இழப்பைக் கண்டுபிடிப்பது சுலபமல்ல.

எந்த அலைவரிசையில் வைப்பது என்பது ஊரைப் பொறுத்தது. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு பிறந்ததே சென்னையில்தான். 1977 ஜூலை 23 அன்று சென்னை வானொலி அதைத் தொடங்கியது. தனியார் நிலையங்கள் வந்தபின் வரிசை நெருங்கியது: 91.1, 91.9, 92.7, 93.5. ஒவ்வொன்றுக்கும் நடுவே 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி என்பதைக் கவனியுங்கள். அதற்கு மேலே 98.3, அகில இந்திய வானொலியின் 101.4, இன்னும் மேலே 106.4. கிண்டிக்காரருக்குக் கூடுதலாக வீட்டு வாசலிலேயே 90.4. மாடுலேட்டர்கள் பெரும்பாலும் 88-ஐ ஒட்டிய அடிவாரத்தைத் தேர்ந்ததற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம்.

பண்பலைக்கே உரிய ஒரு குணமும் கைகொடுத்தது. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால், நடுத்தர அலை வானொலியில் இரண்டும் கலந்து கேட்கும். பண்பலை செட்டோ வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும். ஆண்டெனாவைத் துண்டித்து, ஒயர் வழியாகவே அலையைக் கொடுக்கும்போது சேஞ்சரின் பக்கம்தான் வலு.

இதே ஆண்டெனா வாசலில் இலங்கையில் வேறொரு சித்து நடந்தது. ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பயன்படுத்திய வாகனங்கள் அங்கே ஏராளம். ஜப்பானியப் பண்பலை அன்று 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்ததால், அந்தச் செட்டுகளில் உள்ளூர் நிலையங்களில் பெரும்பாலானவை எட்டாது. செட்டை மாற்றாமல், 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சிறு பெட்டியை ஆண்டெனா ஒயரில் செருகினார்கள். அது வரும் அலைகளையெல்லாம் ஒரே அளவு கீழே இறக்கிச் செட்டுக்குத் தெரிந்த எல்லைக்குள் விடும்.

நாடா இல்லாத கேசட்

இரண்டாவது வாசல் வழியாக நுழைந்தது கேசட் அடாப்டர். பார்க்க கேசட், முனையில் ஒரு ஒயர். உள்ளே நாடா கிடையாது. உண்மையான கேசட்டில், நாடாவின் காந்தப் பதிவுகள் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஹெட்டைக் கடக்கும். மாறும் காந்தப்புலம் ஹெட்டின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். ஹெட்டுக்கு வேண்டியது மாறும் காந்தப்புலம் மட்டுமே; அது நாடாவிலிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே செட்டின் ஹெட்டுக்கு நேர் எதிரே இன்னொரு ஹெட்டை வைத்து, அதில் சிடியின் ஒலி மின்னலையைச் செலுத்தினார்கள். ஒரு சுருள் மற்றொன்றுக்குத் தூண்டல் வழியே பாட்டைக் கடத்தியது. உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் சும்மா சுற்றும். நாடா தீர்ந்துவிட்டதென்று செட் நின்றுவிடாமல் இருப்பதற்காக அந்த நடிப்பு.

ஆக்சிலரேட்டரோடு ஏறும் ஊளை

எல்லாம் பொருத்தி முடித்து வண்டியைக் கிளப்பினால், பாட்டுக்குப் பின்னால் மெல்லியதாக ஓர் ஊளை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஆட்டோ எலக்ட்ரீசியன் கேட்டவுடன் சொல்லிவிடுவார், "எர்த் பிரச்சினை" என்று. சரியாகத்தான் சொல்கிறார்.

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுமின்சாரம். டயோடுகள் அதை நேராக்கினாலும், மேலே சிற்றலைகள் மிஞ்சும். 12 துருவமுள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளைத் தரும். அது நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றால் வினாடிக்கு 1,200 சிற்றலை. காதுக்கு நன்றாகக் கேட்கிற சுருதி அது. எஞ்சின் வேகம் கூடினால் சுருதியும் கூடும்.

அது பாட்டுக்குள் எப்படிப் புகுகிறது? காரின் இரும்பு உடம்பே பேட்டரியின் நெகட்டிவ். சேஞ்சர் டிக்கியில் உடம்பைத் தொடுகிறது, செட் டேஷ்போர்டுக்குப் பின்னால் தொடுகிறது, ஆண்டெனா ஒயரின் மேலுறை இன்னோர் இடத்தில் தொடுகிறது. எல்லாம் ஒரே இரும்பு என்றாலும், அதில் மின்சாரம் ஓடும்போது இடத்துக்கு இடம் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். துருப்பிடித்த பழைய உடம்பில் இன்னும் அதிகம். அந்த வேறுபாடு, சிற்றலையையும் சுமந்துகொண்டு, ஒலி ஒயரின் மேலுறை வழியே சுற்றி ஓடி பாட்டோடு கலக்கிறது. ஆகவே சேஞ்சருக்கும் செட்டுக்கும் எர்த்தை ஒரே புள்ளியில், பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரியப் பிடிக்க வேண்டும். ஒலி ஒயரையும் பேட்டரி ஒயரையும் ஒரே பக்கமாகக் கட்டிக் கொண்டுபோகக் கூடாது. ஒன்று இடது கதவோரமாகப் போனால் மற்றது வலது ஓரமாக.

ஆறு தட்டை வென்ற ஒற்றைத் தட்டு

சேஞ்சரை வீழ்த்தியது இன்னொரு சிடிதான்: எம்பி3 பாட்டுகள் நிறைந்த தட்டு. எம்பி3 முறை, உரத்த ஒலியின் நிழலில் காதுக்கு எட்டாமல் போகும் மெல்லிய ஒலிகளைப் பெருமளவு கழித்துவிடுகிறது. வினாடிக்கு 14 லட்சம் பிட் என்பது 1,28,000 ஆகச் சுருங்கும். பதினொன்றில் ஒரு பங்கு. 700 மெகாபைட் தட்டு ஒன்றில் 12 மணி நேரப் பாட்டு அடங்கும். ஆறு தட்டு சேஞ்சர் முழுவதும் சேர்ந்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வராது. டிக்கியில் பெட்டியும், கம்பளத்துக்கு அடியில் ஒயரும், ஸ்பிரிங்கும் டாம்பரும் போட்டுச் செய்த வேலையை டேஷ்போர்டில் செருகும் ஒரே தட்டு செய்தது. அதன்பின் பென்டிரைவ் வந்தது, போன் வந்தது.

ஆனால் சேஞ்சர் போன பிறகும் அதற்காக வைத்த பிளக் உயிரோடு இருக்கிறது. அந்த மூன்றாவது வாசலில் செருகும் புளூடூத், யுஎஸ்பி அடாப்டர்கள் விற்பனைக்கு வந்தன. அவை செட்டிடம் தங்களைச் சேஞ்சர் என்றே அறிவித்துக்கொள்ளும். செட் 'அடுத்த தட்டு' என்று கட்டளையிடும். அடாப்டர் பென்டிரைவில் அடுத்த ஃபோல்டரைத் திறந்து, 'தட்டு மாற்றிவிட்டேன்' என்று பதில் சொல்லும். இல்லாத டிக்கிப் பெட்டியில் இல்லாத ஆறு தட்டுகள் மாறிக்கொண்டிருப்பதாகச் செட்டின் திரையில் எண்கள் ஓடும்.

ஆகவே பழைய வண்டியை வைத்திருப்பவர், செட்டை எடைக்குப் போடுமுன் ஒருமுறை அதை வெளியே இழுத்து அதன் முதுகைப் பார்ப்பது நல்லது. சேஞ்சர் பிளக் இருந்தால், அந்த நிறுவனத்துக்கான அடாப்டர் கிடைக்கிறதா என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ விசாரிக்கலாம். ஆண்டெனா துளை மட்டும் இருந்தால், சிகரெட் லைட்டரில் செருகும் கம்பியில்லாக் கருவியைவிட ஒயர் வழி மாடுலேட்டரே மேல். கம்பியில்லாதது ஊரின் நிலையங்களோடு போட்டி போட்டுச் செட்டை அடைய வேண்டும். ஒயர் வழியானது ஆண்டெனாவைத் துண்டித்துவிடுவதால் அந்தப் போட்டியே எழாது.